மூன்றாவது அலசு

“யார் வந்து கேட்டாலும் குறைச்சுத்தான் சொல்லணும். தெரியுதா?”

லாண்டரிக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டபடியே மனைவியிடம் சொன்னார். போனில் பேசியது மச்சான். குடிநீர் ஆபீஸ் ஆட்கள் கடை கடையாக வந்து தண்ணீர்ச் செலவைக் கேட்டு எழுதுகிறார்களாம். பேக்கரி வரைக்கும் வந்தாயிற்று. அதிகம் செலவழிக்கிற கடைக்கு நாளையிலிருந்து பாதித் தண்ணீர்தான்.

“பொய் சொல்லி மாட்டிக்காதீங்க,” என்றாள் மனைவி. வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம மூணு அலசு ஊருக்கே தெரியும்.”

“பாதித் தண்ணியை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி பெட்ஷீட்டை எச்சில் தொட்டா துவைப்பே?”

ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. தினம் முந்நூறு பெட்ஷீட். அதை நம்பி வாங்கிய பெரிய மெஷின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் நின்றது. அந்த வேலை வந்தால்தான் அது சுற்றும். அது சுற்றினால்தான் கடை நிற்கும்.

கதவு திறந்தது. கையில் படிவமும் பேனாவுமாக ஒரு பெண்மணி. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

“வணக்கம். நான்...”

“தெரியும் மேடம். உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம். உட்காருங்க.”

“சொல்லாமத்தானே வந்தேன். எப்படித் தெரிஞ்சது?”

“காத்துல வந்துடும் மேடம்.”

பெண்மணி சிரிக்கவில்லை. உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி செலவாகும்?”

“நாலு குடம்.”

மனைவி இருமினாள்.

“டிரம்,” என்று லாண்டரிக்காரர் திருத்தினார். “நாலு டிரம்.”

“இவ்வளவு துணிக்குமா? எத்தனை தடவை அலசுவீங்க?”

“ஒரு தடவை. அதுவும் ரொம்ப அழுக்கா இருந்தாத்தான்.”

“ஏங்க...”

“நீ சும்மா இரு. இவளுக்குக் கை தாராளம் மேடம். நான்தான் இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

“அலசின தண்ணியை என்ன செய்வீங்க?”

“கீழே விடவே மாட்டோம். அடுத்த துணிக்கும் அதேதான். சாயங்காலம் கறுப்பானாத்தான் மாத்துவோம்.”

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக ஓடியது. லாண்டரிக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“வெந்நீர்?”

“கொதிக்கவெச்சாப் பாதி ஆவியாப் போயிடுமே மேடம். பச்சைத் தண்ணிதான்.”

“அங்கே ஆவி வருதே?”

“டீ போடறோம். சாப்பிடறீங்களா?”

பெண்மணி ஆள் உயரத் தொட்டியை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் ஒரு சிவப்பு டிரம் இருந்தது. அதன்மேல் ‘கறிக்கடைத் துணி மட்டும்’ என்று மனைவி எழுதி ஒட்டியிருந்தாள்.

“இது தனியா?”

“அது சும்மா எழுதி வெச்சது. தனித்தனியாத் துவைச்சா தண்ணி என்னத்துக்கு ஆகும்? கறிக்கடை ஏப்ரன், பள்ளிக்கூட யூனிஃபார்ம், மாடியில எங்க வீட்டுத் துணி, எல்லாம் ஒரே மெஷின், ஒரே சுத்து. நம்ம கடையில எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு.”

“துணியைத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவுவீங்களா?”

“எதுக்கு மேடம் அதுக்கொரு தண்ணி? பேண்ட்ல துடைச்சுக்குவோம்.”

இதற்கு மேல் மனைவியால் பொறுக்க முடியவில்லை. “மேடம், இவர் சொல்றது ஒண்ணுமே நிஜமில்லை. மூணு அலசு. மூணாவது கொதிக்கிற தண்ணியில. வேணும்னா உள்ளே வந்து பாருங்க...”

“சொந்தக்காரங்க வந்தாலும் இப்படித்தான். பெருமைக்கு அள்ளி விடுவா.” அவர் சிரித்தார். “நீங்க நான் சொன்னதையே எழுதுங்க மேடம். கையெழுத்து வேணும்னாலும் போடறேன்.”

பெண்மணி படிவத்தை நீட்டினார். லாண்டரிக்காரர் கையெழுத்துப் போட்டார். பெரியதாகப் போட்டார். போட்டுவிட்டு, வென்றவர் மாதிரி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கொஞ்சம் பார்த்து எழுதுங்க மேடம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “பெரிய ஆஸ்பத்திரி வேலை ஒண்ணு வரப்போகுது. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

“ஆமாம். என் கையிலதான் இருந்தது.”

பெண்மணி எழுந்தார். கழுத்தில் கிடந்த அட்டையைத் திருப்பி விட்டுக்கொண்டார். மேலே ஆஸ்பத்திரியின் பெயர். கீழே, ‘நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவு’.

“குடிநீர் ஆபீஸ்காரங்க பக்கத்துக் கடையில இருக்காங்க,” என்றார் வாசலில் நின்று. “இப்போ எங்கிட்ட சொன்னதை அப்படியே அவங்ககிட்டயும் சொல்லுங்க. ரொம்ப சந்தோஷப்படுவாங்க.”