ஆளில்லாத அறைகள்

ஆள் இருக்கும் அறையில் மட்டும்தான் எங்கள் வீட்டில் விளக்கு எரியும். அதை வீடே பார்த்துக்கொள்ளும். ஒரு வாரமாக, நான் தனியாக நுழையும் அறைகள் இருட்டாகவே இருக்கின்றன.

"உன்னை அது ஆளாவே மதிக்கல எஸ்தர்," என்று என் கணவன் செல்வின் சிரித்தான். வெளிச்சத்துக்காக அவன் பின்னாலேயே நடந்தேன்.

இன்று மாலை அவன் குளிக்கப் போனதும் கூடம் இருண்டது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். துடித்தது.

"செல்வின், நான் இருக்கேன்தானே?"

"இல்லாமலா இந்தக் கத்து கத்துற?"

அப்போது குளியலறைக் கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சமும் போனது. கரண்ட் போகவில்லை, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எஸ்தர்... என் குரல் கேக்குதுல்ல?"

"கேக்குது," என்றேன்.

நான் சொன்னது அவனுக்குப் போதவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தான்.