சரளைக் கல்

"எரியட்டும், நல்லா எரியட்டும்" என்றார் வெண்டல், ஜன்னலை விட்டு நகராமல். எதிர்வீடு கூரையோடு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

பட்டப்பகலிலேயே வானம் இருட்டிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் ஒரே சாலையில் பைன் மரம் சாய்ந்து கிடக்கிறது, இனி ஓட வழியில்லை. இந்த வீடு தாங்கினால் உள்ளே இருக்கும் மூன்று பேருக்கும் உயிர் உண்டு. இல்லையென்றால் இல்லை.

அவர் மனைவி ட்ரூடி கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தாள். தெருவில் தனியாக வாழும் லோர்னா, வாளியில் இன்னொரு துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் போனது. வெண்டல் டார்ச்சைத் தேடிச் சமையலறை டிராயர்களை எல்லாம் உருட்டினார். ஆண்பிள்ளைக்குச் சாமான் இருக்கும் இடம் என்றைக்குத் தெரிந்தது?

"அடுப்புக்கு வலது பக்கம், ரெண்டாவது" என்றாள் லோர்னா.

தலைக்கு மேல் தீப்பொறிகள் மழையாகக் கொட்டின. நல்லவேளை, தகரக் கூரை. பரணுக்குக் காற்றுப் போகும் துவாரத்திலும் சன்னமான கம்பிவலை. ஜன்னலின் வெளிக்கண்ணாடி பட்டென்று விரிசல் விட்டது, உள்கண்ணாடி நின்றது. ட்ரூடி அழுதேவிட்டாள்.

வெண்டலுக்கு மட்டும் வாய் ஓயவில்லை. "கூரை முழுக்க மரப்பலகை. மழைத்தண்ணி ஓடுற தகரத்துல கூடை கூடையா சருகு. மரவேலியைக் கொண்டாந்து சுவத்தோட ஒட்ட வச்சாச்சு. தீயணைப்புக்காரன் வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னானே, காதுல ஏறுச்சா?"

"போதும், விடு வெண்டல்" என்றாள் ட்ரூடி, லோர்னாவைப் பார்க்கக் கூசியபடி.

"ஏன் விடணும்? வீட்டைச் சுத்திச் சரளைக் கல் கொட்டினா தெரு அசிங்கமாப் போகுதாம். அதுக்குச் சங்கத்துல மனு வேற. இப்ப அந்தக் கல்லுதானே நெருப்பை வாசலோட நிறுத்தியிருக்கு?"

லோர்னா துண்டைப் பிழிந்தாள்.

எதிரே கூரை மடிந்து விழுந்தது. பிறகு இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தீ மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. பிழைத்துவிட்டார்கள்.

வெண்டல் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார். லோர்னா அருகே வந்து ஈரத் துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த மனுவை நான் அன்னைக்கே மறந்துட்டேன் வெண்டல், உங்க வீட்டைத் திரும்பக் கட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருங்க."