சத்தமில்லாத ஷட்டர்

"அடுத்த டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமரா எப்படி இருக்கணும்னு கம்பெனிக்காரங்க நம்மளக் கேக்கறாங்க. சொல்லுங்க!" மலேசியாவின் நீலாய் நகரிலிருந்து இணையக் கூட்டத்தைத் தொடங்கினார் புகைப்படச் சங்கத் தலைவர் ஆம்புரோஸ்.

"ஷட்டர் சத்தமே வரக்கூடாது லா! சர்ச்சுல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க," என்றார் கோலா பிலா ஊரிலிருந்து சேர்ந்திருந்த மகேந்திரன். பலரும் தலையாட்டினார்கள்.

"கீத், நீங்க புது ஆளு. என்ன சொல்றீங்க?"

திரையில் சுவா எஸ்டேட்டிலிருந்து இரண்டு முகங்கள் தெரிந்தன. பதில் சொன்னது மனைவி பெவர்லி. "சத்தம் இல்லாட்டி பரவால்லண்ணே. ஆனா ஷட்டர் விழுந்தா விரலுக்குத் தெரியணும்."

"பின்னால ஸ்கிரீன்?" என்று கேட்டார் ஆம்புரோஸ்.

"வேணாண்ணே. கல்யாண வீட்டுல படத்தக் காட்டு காட்டுன்னு கையப் புடிச்சிக்கிறாங்க. அப்புறம் பேசவே முடியல."

மகேந்திரன் சிரித்துவிட்டார். "படம் புடிக்கிறது அவரா, நீங்களா? அவரையும் கொஞ்சம் பேச விடுங்கம்மா!"

பெவர்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடிக்கணினியின் திரையைக் கீழே சாய்த்தாள். முகங்கள் மறைந்து கீத்தின் கைகள் தெரிந்தன. விரல்கள் வேகமாகச் சைகை செய்துகொண்டிருந்தன.

"அவருக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. இவ்வளவு நேரம் பேசுனது அவருதாண்ணே. குரல் மட்டுந்தான் என்னுது."

ஆம்புரோஸ் பேனாவை எடுத்தார்.

"விரலுக்குத் தெரியணும். அதத்தான் மொதல்ல எழுதப்போறேன்," என்றார்.

கீத்தின் கைகள் மறுபடி அசைந்தன. பெவர்லி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"வந்து... 'என் குரல் நல்லா இருக்கான்னு அவங்களக் கேளு'ங்கறாரு."