பத்து வெள்ளைப் பொட்டு

பம்மலில் மெக்கானிக் துலுக்காணம், ஸ்ரீவத்சனின் பழைய காரைப் பிரித்துப்போட்டு மூன்று மாதமாகிறது. எஞ்சினில் மற்றதெல்லாம் தயார். லேத் பட்டறையில் இழைத்து, காற்று வழிகளைப் பெரிதாக்கிய சிலிண்டர் ஹெட், எஞ்சினின் மேல்மூடி, அன்று காலையில்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் வண்டி முடிச்சூர் வீட்டுக்கு வராவிட்டால் காயலான் கடைதான் என்று ஸ்ரீவத்சனின் மனைவி ஸ்ம்ருதி சொல்லியிருந்தாள்.

துலுக்காணம் ஹெட்டைப் பொருத்தினார். பத்து போல்ட். இறுக்கிய போல்ட்டில் வெள்ளை பெயிண்டால் பொட்டு வைப்பது அவர் வழக்கம். பத்துப் பொட்டு வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். வண்டியை எடுக்க வந்திருந்த ஸ்ரீவத்சன் சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே கிளம்பியது.

"சத்தத்தக் கேளு சார். பூன மாரி கீது."

ஸ்ரீவத்சன் ஓட்டிக்கொண்டு போனதும் துலுக்காணம் மேசையைத் துடைக்கத் திரும்பினார். மேசைமேல் அதே சிலிண்டர் ஹெட் இருந்தது. பக்கத்தில் பத்து போல்ட். பத்திலும் பொட்டு. பெயிண்ட் காயவில்லை.

போன் அடித்தது.

"அண்ணா, தாம்பரம் டிராஃபிக்ல நிக்கறேன். டெம்பரேச்சர் முள் ஏறறது."

துலுக்காணம் மேசையிலிருந்த ஹெட்டைத் தொட்டார். கை சுட்டது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினார்.

"இப்ப இன்னா காட்டுது சார்?"

"எறங்கிடுத்து! என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணியும் பண்ல. பானட்ட மட்டும் தொறக்காத."

ஆறு மணிக்கு மறுபடி போன்.

"ஸ்ம்ருதிக்கு ஒரே சந்தோஷம்ணா. கொடைக்கானல் போகணுங்கறா. இப்பவே கிளம்பறோம்."

துலுக்காணம் கொஞ்சம் யோசித்தார்.

"மல ஏறசொல்ல ஒரு போன் அடி சார்."

பக்கெட்டில் தண்ணீர் பிடித்து மேசையருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.