வேண்டாத கோடு

ஆய்வுக்கூடத்திலிருந்து அவள், முயல்களைப் பராமரிப்பவரை ஃபோனில் பிடித்தாள்.

"அண்ணே, நேத்து வந்த ரத்தம் அசத்திடுச்சு! அதுல இருக்குற ஆன்டிபாடி, செல்லுக்குள்ள சேதி கொண்டுபோற குட்டிப் புரதத்தைக் கப்புனு பிடிச்சு, சோதனைப் படத்துல பளிச்சுனு கோடு போட்டுடுச்சு. பக்கத்துலயே, வழக்கமா வந்து ஒட்டிக்கிற அந்த வேண்டாத கோடும் இருக்கு."

"அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"அதுதான் நம்ம ஒத்தக்காது முயலோட கைரேகை. வேற எந்த முயல் ரத்தத்துலயும் வராது. என் பேரைச் சொல்லி அவளுக்கு ஒரு கேரட் குடுங்க."

அவர் மெதுவாகச் சொன்னார்:

"ஒத்தக்காது போன மாசமே செத்துப்போச்சேம்மா."

"விளையாடாதீங்க. நேத்து நீங்க வாசல்ல வெச்சிட்டுப் போன ரத்தக் குழாயை நான் எடுத்தப்போ சூடுகூட ஆறலையே!"

"நான் எதையும் வைக்கலம்மா." அவர் குரல் இறங்கியது. "ஆனா, அதோட காலிக் கூண்டுல எடுக்காம விட்ட கிண்ணத்துல தண்ணி மட்டும் தினமும் குறையுது. எலின்னு நெனச்சேன்."