கிரீச் பூட்ஸ்

“சத்தம் வர்ற மாதிரி வேணும்னு கேட்டுத் தைச்சுக்கிட்டாரா? காசு கொடுத்துத் தம்பட்டம் வாங்குற மனுஷனை இப்பத்தான் கேள்விப்படறேன்!”

நகல் எழுதும் குமாஸ்தா சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார்.

அந்தக் கடையில் ஒரு பக்கம் மூக்குக் கண்ணாடி, மறு பக்கம் பூட்ஸ். கண்ணுக்குப் போடுவதற்கு மூக்கின் பெயர் ஏன் என்று கேட்காதீர்கள். பாரம் சுமக்கிறவனுக்குப் பெயராவது கிடைக்கட்டும் என்றுதான் இருக்கும்.

“எங்க மேனேஜர் மாடிப்படி ஏறினாலே கட்டடம் முழுக்கக் கேட்கும். கிரீச், கிரீச்! பெரிய ராஜான்னு நினைப்பு.”

“சத்தம் வந்தாத்தான் புது பூட்ஸ்னு நம்புறவங்க இருக்காங்களே! அடித்தோலுக்கு நடுவுல காய்ஞ்ச தோல் ஒண்ணு வெச்சுத் தைச்சேன். உமக்கென்ன நஷ்டம்?”

“நஷ்டமா? அந்த மடத்தனம்தான்யா எனக்குச் சோறு போடுது!” குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். “கண்ணாடி போட்டவனுக்கு எங்க ஆபீஸ்ல இடம் கிடையாது. முதலாளி உத்தரவு. எனக்கோ கண்ணாடி இல்லேன்னா எழுத்தெல்லாம் எறும்பு. கிரீச்னு கேட்டதும் கழட்டி மேஜைக்குள்ள போட்டுடுவேன். மூணு வருஷமா ஏமாந்துக்கிட்டிருக்கு, அந்த மண்ணு!”

“கெட்டிக்காரர்தான் போங்க!”

“நான் எங்கே கெட்டிக்காரன்? எதிர்ல இருக்கிறது அப்படி. ‘உம்ம எழுத்து முத்து முத்தா இருக்கு’ன்னு போன வாரம் பாராட்டு வேற!”

கண்ணாடிக்குக் கால் ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி நீட்டினார் கடைக்காரர். குமாஸ்தா மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படித்துப் பார்த்தார். கடைசி வரிப் பொடி எழுத்து வரை பளிச்சென்று தெரிந்தது.

“பலே!” என்று திரும்பினார்.

எதிரே மேனேஜர் நின்றிருந்தார்.

எப்போது வந்தார்? காதில் ஒன்றும் விழவில்லையே! குமாஸ்தாவின் கை கண்ணாடி வரை போய் நின்றுவிட்டது. இனிக் கழற்றி என்ன? வேலை போனது போனதுதான். வீட்டில் ஆறு வாய்.

“ஐயா… இது… சும்மா போட்டுப் பார்த்தேன்…”

மேனேஜர் அவர் பக்கமே திரும்பவில்லை. நேரே கடைக்காரரிடம் போய், வலது கால் பூட்ஸைக் கழற்றிப் பலகை மேல் ‘டொப்’பென்று வைத்தார்.

“என்னய்யா தைச்சுக் கொடுத்தே? ஒரு மழையில நனைஞ்சதும் ஊமையாயிடுச்சு!”

“சத்தமில்லாம நடந்தா அதுவும் ஒரு கம்பீரம்தானே, ஐயா?” கடைக்காரர் சிரிப்பை மென்று விழுங்கினார்.

“கம்பீரத்தைக் குப்பையில போடு! என் கண்ணுல பட்டுட்டா முதலாளிகிட்ட சொல்லியாகணும். நான் இப்படிப் பூனை மாதிரி போய் நின்னா, எங்க குமாஸ்தா எப்பய்யா கண்ணாடியைக் கழட்டுவாரு?”