பதினொரு புத்தகங்கள்

மார்க்கிரட் எந்த அசைன்மென்ட்டுக்கும் அட்டவணை போட்டுவிடுவாள். முதல் வாரம் படிப்பு, இரண்டாம் வாரம் குறிப்பு, மூன்றாம் வாரம் எழுத்து. வகுப்பில் எப்போதும் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். இரண்டாவதாக வரும் சீதாலெட்சுமியின் வயிற்றெரிச்சலில் கிள்ளான் வரை ரயிலே ஓட்டலாம்.

இந்த முறை தலைப்புக் கொடுத்த அன்றே சீதாலெட்சுமி கல்லூரி நூலகத்துக்கு ஓடினாள். தோழிகளின் கார்டுகளையும் இரவல் வாங்கி, அந்தத் தலைப்பில் இருந்த பதினொரு புத்தகங்களையும் அள்ளினாள். அவள் ஏறிய மினி பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தே அவள் வீடிருக்கும் சாலாக் செலாத்தான் போய்ச் சேர்ந்தது.

“இப்பப் போடட்டும் அட்டவணை!”

பதினொன்றையும் புரட்டுவதற்குள் நாள் ஓடிவிட்டது. கடைசி நாளில் எதையோ கிறுக்கிக் கொடுத்தாள். அவளுக்கு ஐம்பது. மார்க்கிரட்டுக்குத் தொண்ணூற்றெட்டு.

“எதைப் பாத்துடி எழுதின?” என்று மார்க்கிரட்டிடமே கேட்டாள் சீதாலெட்சுமி.

“லைப்ரரியில ஒரு புக்கும் இல்லன்னு லெக்சரர்கிட்ட அழுதேன். பாவப்பட்டு அவரோட சொந்த புக்கையே குடுத்திட்டாரு லா! முக்கியமான வரிக்கெல்லாம் அவரே கோடு போட்டு வச்சிருந்தாரு. எல்லாத்தையும் அள்ளிட்டுப் போன புண்ணியவதி யாருன்னு தெரிஞ்சா, பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தருவேன்!”

“எனக்கு ஒண்ணும் வேணாம்!” என்று சீறிவிட்டாள் சீதாலெட்சுமி.